முழு மதிப்பெண் வாங்கிய ஒச்சம்மாள் அக்கா

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் மருத்துவர் கனகலட்சுமி அம்மையார் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, தாயைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மகள் பாண்டிமீனாவே, மேலூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் சொந்தங்களே, செல்லூரிலிருந்து தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் நெசவாளத் தோழர்களே, தல்லாகுளத்து அக்கம்பக்கத்தாரே! அழுது ஓய்ந்த கண்ணோடு உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

என் பெயர் சோலை. சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அதோ, படத்தில் மாலைக்கு நடுவே சிரித்துக்கொண்டிருக்கும் செவிலியர் ஒச்சம்மாள் அவர்களோடு, மருத்துவர் அம்மையார் நடத்தும் நினைவு நல மையத்தில் வேலை பார்த்தவன். வீடு வீடாகப் போய் வயதானவர்களிடம் கேள்வி கேட்போம். நினைவு தடுமாறுகிறதா, தடுமாற வாய்ப்பு இருக்கிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் மருத்துவரிடம் அனுப்புவோம். அதுதான் எங்கள் வேலை.

என்னை அறிந்தவர்களுக்கு ஒன்று உறுத்தும். இந்த ஆள் எந்த மேடையிலும் கையை வீசிப் பேசுகிறவன் ஆயிற்றே, இன்று ஏன் எழுதி வைத்துப் படிக்கிறான் என்று. பயம், ஐயா! வேறென்ன? எழுபத்தொரு வயதில் முதல்முறையாக எழுதி வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். எதற்கு இந்தப் பயம் என்பதைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்க மாட்டேன். அதற்கு முன் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

யார் இந்த ஒச்சம்மாள்? உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயச் சம்சாரி வீட்டுப் பெண். கிராம சுகாதார செவிலியராக முப்பத்து மூன்று ஆண்டுகள். எத்தனை பிரசவம், எத்தனை தடுப்பூசி! ஓய்வு பெற்ற மறு மாதமே எங்கள் மையத்தில் வந்து நின்றார். "பொறந்த பிள்ளைகளத்தான் இம்புட்டு நாளாப் பாத்தேன். இனிமே பெத்தவகளப் பாக்குறேன்" என்றார். அவர் வந்து நான்கு ஆண்டுகள் கழித்து நான் போய்ச் சேர்ந்தேன். கேள்வி கேட்க எனக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். சுகாதார ஆய்வாளருக்கு அதட்டத்தானே தெரியும்? "தம்பி, நீ கொசு மருந்து அடிக்க வரல. கொஞ்சம் சிரிச்சுக் கேளு" என்பார்.

மேலூர் சந்தையில் அவர் பேசியதை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். மைக் இருக்காது. காய்கறிக்காரர் தராசை நிறுத்தச் சொல்லிவிட்டு ஆரம்பிப்பார். "மறதி நோயி வயசானா தானா வாரதுன்னு நெனைக்காதீக. சக்கரை, பிரசரு, பீடி, சாராயம், மண்டையில பட்ட அடி, காது மந்தம், கண்ணு மங்கல், பேச ஆளில்லாத தனிமை, இம்புட்டுக்கும் அதுல பங்கு இருக்கு. இதெல்லாம் இருக்குறவகளுக்கு வராமயும் போகலாம். எதுவுமே இல்லாதவகளுக்கு வந்தும் தொலைக்கலாம். ஆனா தடுக்க முடிஞ்சத தடுக்காம விட்டுப்புட்டு, தலையெழுத்துன்னு சொல்லாதீக!" இதைவிடத் தெளிவாக எந்தப் பேராசிரியர் சொல்லிவிடப் போகிறார்?

மேலூர் காளை அண்ணன் இங்கே வந்திருக்கிறார். மஞ்சுவிரட்டில் மூன்று முறை மாடு முட்டி மண்டை உடைந்தவர். மூன்று தழும்பையும் தொட்டுக் காட்டிப் பெருமை பேசுவார். அக்கா விடவில்லை. "மாட்டுக்குக் கொம்பு ரெண்டு இருக்கு அண்ணே. ஒங்களுக்கு மண்டை ஒண்ணுதான இருக்கு?" என்றார். ஊரே சிரித்தது. அதன்பின் காளை அண்ணன் தொழுவத்துப் பக்கம் வேடிக்கை பார்க்க மட்டும்தான் போனார். பேரனை மோட்டார் சைக்கிளில் ஹெல்மெட் இல்லாமல் ஏற விடுவதில்லை. சரிதானே அண்ணே? தலையாட்டுகிறார்.

செல்லூரில் நடந்தது இதைவிடப் பெரிது. தம்பி சூரியபிரகாஷின் அப்பா ஐம்பது ஆண்டுகள் விசைத்தறிச் சத்தத்துக்குள்ளேயே வாழ்ந்தவர். ஒன்று கேட்டால் வேறு சொல்வார். பல நாள் பேசாமலே இருப்பார். வீட்டில் 'அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது' என்று முடிவு கட்டிவிட்டார்கள். நானும் தாளில் அப்படித்தான் குறித்தேன். அக்கா என் கையிலிருந்து தாளைப் பிடுங்கினார். பெரியவரின் காதோரம் குனிந்து உரக்கக் கேட்டார். பெரியவர் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார்! "இவருக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கு. காதுதான் போச்சு. இப்பிடியே விட்டீகன்னா ஒருத்தரோடயும் பேசாம, புத்தியும் பின்னாலயே போகும்" என்றார். அடுத்த வாரம் காது மிஷின் வந்தது. பெரியவர் பேரன் பேத்திகளோடு சண்டை போடுகிற அளவுக்குத் தேறினார்.

இப்படி நான்காயிரம் வீடுகள்! அத்தனை வீட்டுக்கும் விளக்கைக் காட்டிய அந்தத் தாய்க்கு நாங்கள் என்ன செய்தோம்?

எங்கள் முகாம்களில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் ஊர்க்காரர்கள். கடைசியில் நாங்கள். பந்தி பரிமாறுகிறவர்கள் கடைசிப் பந்தியில் உட்கார்வதில்லையா, அதுபோல. ஊர்க்காரர்களைப் பார்த்து முடிப்பதற்குள் மணி இரண்டாகிவிடும், வேன்காரர் ஹாரன் அடிப்பார், பிரசர் மிஷினைப் பெட்டியில் வைத்துக் கட்டிவிடுவோம். பதினேழு ஆண்டுகளில் எங்கள் கடைசிப் பந்தி ஒருமுறைகூட நடக்கவில்லை. அதை நாங்கள் தியாகம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். தியாகமா அது? முட்டாள்தனம்!

அக்காவுக்குச் சர்க்கரை இருந்தது. இருபது ஆண்டுகளாக இருந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு வெயிலில் அலைந்தால் கிறக்கம் வருகிறது என்று, முகாம் நாள்களில் போடாமல் வருவார். அக்காவுக்கு இடது காது கேட்காது. யாரோடு பேசினாலும் வலது பக்கமாகத் திரும்பி உட்கார்வார். செல்லூர்ப் பெரியவரின் காதைக் கண்டுபிடித்தாரே, அவருடைய காதை நாங்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை! அது அவர் உட்காரும் தோரணை என்று நினைத்துக்கொண்டோம். கணவர் போய்ச் சேர்ந்தார். மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தார். தல்லாகுளத்து வீட்டில் ஒற்றை ஆள். "எனக்கு எதுக்குத் தனிமை? நாலாயிரம் வீடு இருக்கே" என்பார். கொரோனா வந்தது. நான்காயிரம் வீடுகளும் கதவைச் சாத்திக்கொண்டன. நாங்கள் யாரும் அவரைப் போய்ப் பார்க்கவில்லை. போனில் பேசினோம். அதுவும் கேட்காத காதோடு பேசினோமோ, கேட்கிற காதோடு பேசினோமோ தெரியாது.

அவர் சந்தையில் சொல்லிக்கொண்டிருந்த பட்டியலில் பாதி அவருக்கே இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டே பக்கத்தில் நின்றவன் நான்.

அந்தக் காலம் முடிந்து பாண்டிமீனா ஊருக்கு வந்தாள். ஒரு வாரம் தாயோடு இருந்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "மாமா, அம்மாகிட்ட ஏதோ சரியில்ல. சாம்பார்ல ரெண்டு தரம் உப்புப் போடுறாக. சொன்னதையே சொல்றாக. பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் போறேன்னு ஆட்டோல ஏறிட்டு எங்க எறங்கணும்னு தெரியாம திரும்பி வந்துட்டாக. நீங்க ஒரு தரம் பாருங்களேன்." நான் போனேன். கையில் எங்கள் சோதனைத் தாளோடு போனேன்.

அன்பார்ந்த பெருமக்களே, அந்தத் தாளைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஐந்து சொற்களைச் சொல்லி, நினைவில் வைக்கச் சொல்வோம். தேங்காய், சைக்கிள், மழை, பூட்டு, மாமா. பிறகு கிழமை, மாதம் கேட்போம். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வோம். கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொல்வோம். ஐந்து நிமிடம் போனதும் அந்த ஐந்து சொற்களைத் திருப்பிக் கேட்போம். மொத்தம் முப்பது மதிப்பெண். அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் மாற்றுத் தாள்களும் வைத்திருப்பார்கள். எங்களிடம் ஒரே தாள்தான். ஒரே ஐந்து சொற்கள்தான். வீட்டுக்கு வீடு ஆள் மாறுகிறாரே, தாள் எதற்கு மாற வேண்டும் என்று நினைத்தோம்.

நான் தாளை எடுத்து, "அக்கா, அஞ்சு வார்த்தை சொல்றேன்" என்றேன். அதற்குள் அக்கா சொல்லிவிட்டார். "தேங்காய், சைக்கிள், மழை, பூட்டு, மாமா!" நான் சிரித்தேன். அக்காவும் சிரித்தார். காகிதத்தைக் கொடுத்தேன். கேட்பதற்கு முன்பே கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து வைத்தார். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று வாய்ப்பாடு போல ஒப்பித்தார். கிழமையை மட்டும் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துச் சொன்னார். அதையும் நான் சரி என்றுதான் போட்டேன். முப்பதுக்கு முப்பது!

வெளியே வந்து பாண்டிமீனாவிடம் நான் சொன்னது என்ன தெரியுமா? "ஒங்க அம்மா என்னைவிட நல்லா இருக்காக தாயி. நீ கோயம்புத்தூர்ல இருந்துக்கிட்டு சும்மா பயந்து சாகாத." அதட்டினேன் ஐயா! பயந்தவளை, சரியாகப் பயந்தவளை, அதட்டி அனுப்பினேன்.

மறு ஆண்டும் கூப்பிட்டாள். மறுபடியும் போனேன். மறுபடியும் அதே தாள். இருபத்தொன்பது. ஒரு மதிப்பெண் குறைந்ததற்கு வயது என்று சமாதானம் சொன்னேன்.

பன்னிரண்டு ஆண்டுகள் ஒருவர் தினமும் சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறிப்போன சொற்கள் அவை. அவை நினைவு அல்ல, பழக்கம். கேட்கும் முன்பே பதில் வந்ததே, அதுதான் அடையாளம்! அந்த அடையாளத்தைப் பார்த்துத்தான் நான் சிரித்தேன். வேறு எந்த மனிதரை அந்தத் தாளால் சோதித்திருந்தாலும் தெரிந்திருக்கும். இந்த மதுரையில் அந்தத் தாளால் பிடிபடாதவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரைப் போய் அந்தத் தாளாலேயே அளந்தேன்.

இப்படியே இரண்டு ஆண்டுகள் போயின. எங்கள் மையத்துக்குப் புதிதாக வந்த ஆர்த்திகா, படிப்பிலே கற்றபடி வேறொரு தாளை எடுத்துக்கொண்டு போனாள். கம்மல், ரயில், புளி, ஜன்னல், குடை. அக்கா திருப்பிச் சொன்னார். ஐந்து நிமிடம் கழித்து, "அந்த அஞ்சு வார்த்தைய இப்பச் சொல்லுங்கம்மா" என்று ஆர்த்திகா கேட்டாள். அக்கா கம்பீரமாகச் சொன்னார். "தேங்காய், சைக்கிள், மழை, பூட்டு, மாமா." நான் அப்போது வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஆர்த்திகா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அம்மையார் அவர்களிடம் கேட்டேன். "ரெண்டு வருசம் முன்னாடியே கண்டுபிடிச்சிருந்தா?" அம்மையார் பொய் சொல்ல மாட்டார். "குணமாகியிருக்கும்னு சொல்ல மாட்டேன் சோலை. சுகரைக் கட்டுப்படுத்தியிருக்கலாம், காது மிஷின் வச்சிருக்கலாம், தனியா விடாம இருந்திருக்கலாம். கொஞ்சம் மெதுவாப் போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம்." இருக்கலாம், இருக்கலாம்! இந்த 'லாம்' இருக்கிறதே, அதை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எப்படி நிம்மதியாகச் சோறு தின்பது?

அதன்பின் மகள் வந்து கூடவே இருந்தாள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மத்தியானம், பாண்டிமீனா துணி காயப்போட மாடிக்குப் போன நேரத்தில் அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். வைகைப் பாலத்துப் பக்கம் தேடினோம், கோரிப்பாளையத்தில் தேடினோம். சூரியபிரகாஷ் போன் செய்தார். செல்லூரில் அவர் வீட்டில் இருந்தார் அக்கா.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெரியவருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பையில் தாள் இல்லை, பழைய செய்தித்தாள்தான் இருந்தது. அதை மடியில் விரித்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். பெரியவர், அக்கா வாங்கிக்கொடுத்த காது மிஷினோடு, ஒவ்வொரு கேள்விக்கும் மரியாதையாகப் பதில் சொன்னார். கிழமை சொன்னார், மாதம் சொன்னார், கழித்தல் சொன்னார். எல்லாம் சரி. முடிந்ததும் அவர் கேட்டார்: "நீங்க எங்க இருந்து வாரீக தாயி?"

அக்கா யோசித்தார். மடியிலிருந்த செய்தித்தாளைப் புரட்டிப் பார்த்தார். "தெரியலண்ணே. வேலைக்கு வந்தேன்" என்றார். பிறகு அந்தப் பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "பயமா இருக்குண்ணே" என்றார்.

ஆயிரம் பேரின் பயத்தைப் போக்கிய ஒச்சம்மாளின் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டேன். பிள்ளை பெறும் பெண்களின் அலறலுக்கு அசையாதவர், கொரோனாவுக்கு அசையாதவர், தன் ஊர் பெயர் வராததற்கு நடுங்கினார். அந்த நடுக்கத்தை இங்கே இருக்கும் யாரும் பார்க்க வேண்டாம். போன மாதம் குளியலறையில் விழுந்து இடுப்பு உடைந்து, படுக்கையில் சளி கட்டி, அவர் கண்ணை மூடினார். கடைசிவரை பாண்டிமீனாவை நர்ஸ் என்றுதான் கூப்பிட்டார். அந்த மகளின் பொறுமைக்கு இந்தச் சபையே எழுந்து நின்று கும்பிட வேண்டும்.

இப்போது என் பயத்துக்கு வருகிறேன். சித்திரையில், கோர்ட்டுக்கு எதிரே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஒரு வேலையாகப் போய்த் திரும்பினேன். ஸ்கூட்டரைக் காணவில்லை. ஒரு மணி நேரம் தேடினேன். திருடு போய்விட்டது என்று போலீஸ்காரரிடம் போனேன். அவர் என்னை அழைத்துக்கொண்டு வந்து காட்டினார். நிறுத்திய இடத்திலேயே இருந்தது. அதைக் கடந்து மூன்று முறை நடந்து போயிருக்கிறேன். என் மனைவி முத்துத்தாய் எல்லாவற்றையும் இரண்டு முறை சொல்கிறாள். டிவி சத்தத்துக்குப் பக்கத்து வீட்டார் சன்னலைச் சாத்துகிறார்கள். பிரசர் மாத்திரை போட்டேனா என்று தெரியாமல் சில நாள் இரண்டு முறை போடுகிறேன், சில நாள் போடுவதே இல்லை.

மறதி எல்லாம் நோயல்ல என்று நானே ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். தைராய்டு இருக்கலாம், சத்துக் குறைவு இருக்கலாம், மனக்கவலை இருக்கலாம், சரிசெய்யக் கூடியதாகவே இருக்கலாம். தெரியும். எல்லாம் தெரியும். தெரிந்து என்ன? போன வாரம் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடி முன் உட்கார்ந்து, என்னை நானே சோதித்துக்கொண்டேன். எந்தத் தாளால்? வேறு எந்தத் தாள் எனக்குத் தெரியும்!

முப்பதுக்கு முப்பது வாங்கினேன்.

என் வாழ்நாளில் அப்படிப் பயந்ததில்லை, ஐயா. தோற்றிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். இதை முத்துத்தாயிடம் சொல்லவில்லை. அம்மையாரிடம் சொல்லவில்லை. இப்போதுதான், உங்கள் எல்லோருக்கும் முன்னால், அவர்களும் கேட்கச் சொல்கிறேன். மூன்றாவது வரிசையில் முத்துத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அழாதே. முன்பே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

அஞ்சலி என்றால் என்ன? மாலை போட்டுவிட்டு டீ குடித்துக் கலைவதா? செவிலியர் ஒச்சம்மாளின் பணியைத் தொடர்வோம் என்று சொல்கிறோமே, எந்தப் பணியைத் தொடர்வது? அந்தப் பழைய தாளையா? கூடாது! அம்மையாரும் ஆர்த்திகாவும் இனி ஒவ்வொரு சுற்றுக்கும் தாளை மாற்றப் போகிறார்கள். முகாமில் நாற்காலி போட்டதும் முதலில் உட்கார்பவர்கள் எங்கள் ஊழியர்களாக இருப்பார்கள், வேன் ஓட்டுநர் உட்பட. பிறகுதான் ஊர். மரியாதைக் குறைவு என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். இங்கே இருக்கும் ஒவ்வொருவருக்கும் கைகூப்பிச் சொல்கிறேன். வீட்டில் ஒரு பிள்ளை, 'அம்மாகிட்ட ஏதோ சரியில்ல' என்று சொன்னால், மதிப்பெண்ணை நம்பாதீர்கள். அந்தப் பிள்ளையை நம்புங்கள். பாண்டிமீனா, இந்த மாமாவை மன்னித்துவிடு தாயி. மன்னிக்க முடியாவிட்டாலும் சரி. நீ சொன்னதுதான் உண்மை என்று ஊரறியச் சொல்லிவிட்டேன்.

எனக்கான சோதனை நாளை காலை பத்து மணிக்கு. எங்கள் மையத்தில் இல்லை. என்னைத் தெரியாத மருத்துவர், நான் பார்த்தே இராத கேள்விகள். ரத்தப் பரிசோதனை, காதுப் பரிசோதனை எல்லாம் அங்கேயே. அதன் முடிவு வரும்வரை நான் எந்த வீட்டுக் கதவையும் தட்ட மாட்டேன், எந்தப் பெரியவரையும் கேள்வி கேட்க மாட்டேன்.

நாளை பத்து மணிக்கு நான் அங்கே போகவில்லை என்று உங்களில் யாருக்காவது தெரிய வந்தால், இந்த ஆள் மறந்துவிட்டானா, பயந்துவிட்டானா என்று நின்று யோசிக்காதீர்கள். எதுவாக இருந்தாலும் சரி, என் வீட்டுக்கு வந்து, நான் என்ன சாக்குச் சொன்னாலும் கேட்காமல், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போங்கள். அக்காவுக்கு நான் செய்யாமல் விட்டது அதுதான்.